டரான்டுலாவுக்கு எந்தத் தீனிப்பூச்சி? சுவர்க்கோழி, டூபியா, மாவுப்புழு: ஓர் ஒப்பீடு

டரான்டுலா வளர்ப்பில் சிலந்தியை விட அதன் தீனிதான் அதிக வேலை வைக்கும். தண்ணீர்க் கிண்ணமும் பதுங்க ஓர் இடமும் இருந்தால் சிலந்தி வாரக்கணக்கில் இருந்த இடத்திலேயே இருக்கும். தீனிப்பூச்சிகள் அப்படியில்லை. தின்னும், கழியும், நாறும், ராத்திரி முழுக்கக் கத்தும், கூட்டமாகச் செத்துப்போகும், மூடியை மறந்தால் வீடெல்லாம் பரவும். அதனால் எந்தப் பூச்சி என்ற கேள்வியில் சிலந்தியின் பங்கு பாதிகூட இல்லை. மீதி எல்லாம் உங்கள் வீடு, உங்கள் மூக்கு, உங்கள் பொறுமை சம்பந்தப்பட்டது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வேறு கேள்வியில் தொடங்குகிறார்கள்: எதில் சத்து அதிகம்? இது பல்லி, ஓணான், தவளை வளர்ப்பவர்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட கவலை. அந்த விலங்குகளுக்கு எலும்பு உண்டு. ஆகவே பூச்சியின் மேல் கால்சியம் பொடி தூவிக் கொடுக்கிறார்கள். சிலந்திக்கு எலும்பே கிடையாது. அதன் மேலோடு கைட்டின் என்ற கெட்டிப் பொருளும் புரதமும் சேர்ந்தது. கால்சியம் பொடியால் அதற்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தச் செலவை மிச்சப்படுத்தலாம்.

மாவுப்புழுவின் ஓடு செரிக்காது என்ற எச்சரிக்கையும் அங்கிருந்து வந்ததுதான். பல்லி இரையை முழுசாக விழுங்கும், ஓடு குடலுக்குள் போகும். டரான்டுலா விழுங்குவதே இல்லை. இரையைக் கவ்வி, செரிமான நீரை அதன் மேல் விட்டு, நச்சுப்பல்லின் அடிப்பகுதியால் பிசைந்து, கரைந்த சாற்றை மட்டும் உறிஞ்சும். கடைசியில் ஓடும் இறக்கையும் காலும் சுருண்டு ஓர் ஈரமான சிறு உருண்டையாக மண்ணில் கிடக்கும். உள்ளே போகாத ஓடு எப்படிச் சிக்கும்?

கொழுப்பு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். உயிருள்ள எடையில் சுவர்க்கோழிக்குக் கொழுப்பு ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம், மாவுப்புழுவுக்கு 13, அதைவிடப் பெரிய சூப்பர்வார்ம் என்ற புழுவுக்கு 18, மெழுகுப்புழுவுக்கு 25 வரை. ஆனால் சிலந்தியின் வயிறு அளவுக்கு மீறி உப்புவதற்குக் காரணம் பூச்சியின் வகையை விட நீங்கள் கொடுக்கும் அளவு. உப்பிய வயிறோடு சிலந்தி உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்து உடல்நீர் வெளியேறிச் செத்துப்போகலாம். தரையில் வாழும் கனத்த இனங்களுக்கு இந்த ஆபத்து அதிகம். நன்றாக வளர்ந்த சிலந்திக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு பூச்சி தாராளம். மாதத்துக்கு ஒன்று கொடுத்தும் நலமாக இருப்பவை நிறைய.

சத்து பற்றி ஒன்றே ஒன்று உண்மையில் முக்கியம். பூச்சி தானே நன்றாகத் தின்று, தண்ணீர்ச் சத்தோடு இருக்க வேண்டும். சிலந்தி சாறுதான் குடிக்கிறது. பட்டினி கிடந்து காய்ந்த சுவர்க்கோழியில் வெறும் ஓடுதான் மிச்சம். அதனால் எந்தப் பூச்சியை எடுத்தாலும், போடுவதற்கு ஒரு நாள் முன்னாலாவது அதற்குக் கேரட்டோ கீரையோ தானியமோ கொடுத்திருக்க வேண்டும்.

ஆக நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் மூன்று. உங்களிடம் எத்தனை சிலந்திகள்? அவை என்ன அளவு? சிலந்தி தின்னாமல் விட்டுவிட்டால் அந்தப் பூச்சி கூண்டுக்குள் என்ன செய்யும்? கடைசிக் கேள்வியைத்தான் பலரும் கேட்க மறக்கிறார்கள்.

சுவர்க்கோழி

எங்கும் கிடைப்பது இதுதான். பெரும்பாலோர் தொடங்குவதும் இதில்தான். இதன் பெரிய பலம், சும்மா இருக்காது. டரான்டுலாவுக்குக் கண் பார்வை மிக மோசம். தரை அதிர்வையும் காற்றசைவையும் காலில் உள்ள நுண்முடிகளால் உணர்ந்துதான் பாய்கிறது. கூண்டுக்குள் போட்டதும் இங்கும் அங்கும் நடக்கும் சுவர்க்கோழி தானாகவே போய் மாட்டிக்கொள்ளும். மரத்தில் வாழும் அவிகுலேரியா, பொசிலோதெரியா போன்ற இனங்களுக்கு இது இன்னும் வசதி, ஏனென்றால் சுவர்க்கோழி மரப்பட்டையிலும் வலையிலும் ஏறிச் சிலந்தி இருக்கும் உயரத்துக்கே போய்விடும். கடுகளவு குஞ்சிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் வரை எல்லா அளவிலும் கிடைப்பதும் ஒரு வசதி.

குறைகளும் குறைவில்லை. நாற்றம் முதல் குறை. வளர்ந்த ஆண்கள் கத்துவது இரண்டாவது. படுக்கையறையில் பெட்டியை வைத்தால் தெரியும். மூன்றாவது, செத்துப்போவது. முட்டையிலிருந்து சாவு வரை மொத்த ஆயுளே இரண்டு மூன்று மாதம்தான். அதில் இறக்கை முளைத்த முதிர்ந்த பூச்சியை வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது கடைசி இரண்டு மூன்று வாரம். ஆகவே இறக்கை வராத நடுத்தர அளவை வாங்குங்கள். கத்தலும் இராது, ஆயுளும் கூடும்.

ஆனால் பெட்டியோடு மொத்தமாகச் சாவதற்குப் பெரும்பாலும் வயது காரணமில்லை, ஈரம்தான். காற்றோட்டமில்லாத டப்பாவில் வெட்டிய உருளைக்கிழங்கைப் போட்டு மூடினால் உள்ளே நீர் வியர்த்து, இரண்டே நாளில் பாதி போய்விடும். வேண்டியது இவ்வளவுதான்: உயரமான பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் பெரிய ஓட்டை வெட்டி உலோக வலை (பிளாஸ்டிக் வலையைக் கடித்து வெளியே வந்துவிடும்), ஒளிய முட்டை அட்டைகள், அடியில் எதுவும் போடாத காய்ந்த தரை, 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் சூடு. தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் விழுந்து மூழ்கும். கேரட் துண்டோ ஈரப் பஞ்சோ போதும். செத்ததை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். தீனியோ ஈரமோ குறைந்தால் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும்.

சாதாரண வீட்டுச் சுவர்க்கோழிக்கு ஒரு தொற்றுநோயும் உண்டு. டென்ஸோவைரஸ் என்ற அந்தக் கிருமி 1970களின் கடைசியிலிருந்து ஐரோப்பாவிலும், 2010ஐ ஒட்டி வட அமெரிக்காவிலும் பண்ணைகளையே காலி செய்திருக்கிறது. அதனால் பல பண்ணைகள் இந்த நோய்க்கு அவ்வளவாக மசியாத வரிச் சுவர்க்கோழிக்கு மாறின. அது உருவத்தில் சற்றுச் சிறியது, ஆனால் அதிகம் குதிக்கும். மூடியைத் திறக்கும்போது கவனம் வேண்டும். வைரஸ் சிலந்தியை ஒன்றும் செய்யாது. தீனி திடீரென்று கிடைக்காமல் போவதுதான் தொல்லை.

இப்போது மூன்றாவது கேள்வி. சுவர்க்கோழி கண்டதையும் கடிக்கும். டரான்டுலா தோலுரிக்கும்போது மல்லாந்து கிடக்கும். உடம்பு வெண்ணெய்போல் மென்மையாக இருக்கும். நச்சுப்பல்லால் எதையும் குத்த முடியாது. அந்த நேரத்தில் பசித்த சுவர்க்கோழி ஒன்று உள்ளே இருந்தால் சிலந்தியின் கதை முடிந்துவிடலாம். ஆகவே 24 மணி நேரத்துக்குள் தின்னாத சுவர்க்கோழியை எடுத்துவிடுங்கள். விதிவிலக்கே வேண்டாம்.

டூபியா கரப்பான்

கரப்பான் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நியாயம்தான், ஆனால் இது சமையலறையில் ஓடுவது அல்ல. தென் அமெரிக்காவைச் சேர்ந்த டூபியா மெதுவாக நடக்கும், வழுக்கும் சுவரில் ஏறாது, பறக்காது. ஆணுக்கு இறக்கை இருந்தாலும் தத்தித் தத்தி விழுவதோடு சரி. கத்தாது. காய்ந்த பெட்டியில் வைத்தால் நாற்றமும் அநேகமாக இல்லை. வெதுவெதுப்பு இல்லாவிட்டால் இனப்பெருக்கம் நின்றுவிடுவதால், ஒன்று தப்பினாலும் குளிர்ந்த வீட்டில் பெருகாது. ஆயுள் ஒன்றிரண்டு ஆண்டு. வாங்கி வைத்ததை மறந்து ஒரு வாரம் கழித்துப் பார்த்தாலும் உயிரோடு இருக்கும். பூச்சி வளர்ப்பில் இந்த ஒரு குணத்துக்கே பாதி மதிப்பெண் போடலாம்.

வளர்ப்பும் சுலபம். ஒளி புகாத பெட்டி, செங்குத்தாக நிறுத்திய முட்டை அட்டைகள், 28 முதல் 32 டிகிரி சூடு, அரைத்த தானியம், கேரட், ஆரஞ்சுத் துண்டு. ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்ற கணக்கில் விட்டால் போதும். பெண் முட்டைக்கூட்டை உடம்புக்குள்ளேயே வைத்துக் குஞ்சுகளை உயிரோடு ஈனும். ஒரு தடவைக்கு 20 முதல் 40 வரை. ஆனால் குஞ்சு முதிர நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். முதல் அரை ஆண்டு பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுத் தாய்ப் பூச்சிகளைத் தீனியாகப் போட்டுவிட்டால் கூட்டம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

சிக்கல் கூண்டுக்குள்தான் வருகிறது. டூபியாவைப் போட்டதும் அது அசையாமல் செத்ததுபோல் கிடக்கும், அல்லது நேராக மண்ணுக்குள் புதைந்துவிடும். சிலந்திக்கு அதிர்வு இல்லையென்றால் இரை இல்லை. போன வாரம் போட்டது எங்கே என்று தெரியாமல் தவிப்பது டூபியாவோடு கூடவே வரும் அனுபவம். வழி இரண்டு. நீண்ட இடுக்கியில் பிடித்துச் சிலந்தியின் முன்காலருகே கொண்டுபோய்த் தொடவைத்தால் பறித்துக்கொள்ளும். அல்லது தலையை மட்டும் நசுக்கிப் போடுங்கள். கால்கள் கொஞ்ச நேரம் உதறும், புதையாது. பார்க்க நன்றாக இராது, ஆனால் பலன் உண்டு. மரத்தில் வாழும் இனங்களுக்கு இடுக்கியே தேவலை, ஏனென்றால் கண்ணாடியில் ஏறத் தெரியாத டூபியா கீழேயே தங்கிவிடும்.

கரப்பான்களிலேயே துர்க்கெஸ்தான் கரப்பான் என்ற ரெட் ரன்னர் வேறொரு குணம். மின்னல் வேகம், சிலந்திகள் விரும்பிப் பாயும், மண்ணில் புதைவதும் குறைவு, டூபியாவை விட வேகமாகப் பெருகும். ஆனால் முட்டைக்கூடுகளை வெளியே போட்டுவிட்டுப் போகும், வெயில் நாடுகளில் வெளியே தப்பினால் ஊன்றிக்கொள்ளும். நாற்றமும் உண்டு. பத்துக்கு மேல் சிலந்தி வைத்திருக்கும் அனுபவசாலிக்கு இது நல்ல தேர்வு. மூடியைத் திறந்துவைத்துவிட்டுப் போன் பேசப் போகிறவருக்கு அல்ல. லாப்ஸ்டர் கரப்பான் என்பது கண்ணாடியிலேயே ஏறும். அதை வாங்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

கரப்பான் வளர்ப்பவர்கள் இரண்டை மறக்கக் கூடாது. ஒன்று சட்டம்: ஆஸ்திரேலியாவைப் போல வெளிநாட்டுக் கரப்பான்களை அனுமதிக்காத நாடுகள் உண்டு, வாங்கும் முன் பாருங்கள். இன்னொன்று ஒவ்வாமை. பெட்டியில் சேரும் கழிவுத் தூசியையும் உதிர்ந்த தோலையும் தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்குத் தும்மல், தோல் தடிப்பு, மூச்சிரைப்பு வரை போகும். பெட்டியைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போட்டு, வெளிக்காற்றில் செய்யுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் கரப்பான் கூட்டமே வேண்டாம்.

மாவுப்புழுவும் சூப்பர்வார்மும்

குறைவாகச் சிலந்தி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும். மாவுப்புழு ஒரு கருவண்டின் புழுப்பருவம். கோதுமைத் தவிடோ ஓட்ஸோ நிரப்பிய ஒரு சின்ன டப்பா, மேலே ஒரு கேரட் துண்டு, அவ்வளவுதான் அதன் உலகம். ஃபிரிட்ஜின் குளிர் குறைந்த தட்டில், 7 முதல் 10 டிகிரியில் வைத்தால் வளர்ச்சி நின்று தூங்குவதுபோல் இருக்கும். வாரம் ஒரு முறை ஒரு நாள் வெளியே எடுத்துத் தின்னவிட்டுத் திரும்ப வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். சத்தம் இல்லை, நாற்றம் இல்லை, குதிக்காது, ஓடாது. வீட்டில் இருப்பவர்கள் ஃபிரிட்ஜில் புழு டப்பாவைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்பதை நீங்களே சமாளித்துக்கொள்ள வேண்டும்.

சூப்பர்வார்ம் உருவத்தில் பெரியது, ஐந்து சென்டிமீட்டர் வரை வரும். பெரிய சிலந்திக்கு ஒன்றே போதும். ஆனால் இதை ஃபிரிட்ஜில் வைத்தால் செத்துவிடும்; அறைச் சூட்டில்தான் இருக்க வேண்டும். இதற்கு ஒரு விசித்திர குணம் உண்டு: கூட்டமாக இருக்கும் வரை கூட்டுப்புழுவாக மாறாது. தனியாக எடுத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டால்தான் சுருண்டு மாறத் தொடங்கும். அதனால் வாங்கியதை அப்படியே கூட்டமாக வைத்திருந்தால் நெடுநாள் புழுவாகவே இருக்கும். இனப்பெருக்கம் செய்ய நினைத்தால் மட்டும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள ஒரே பெரிய குறை, மூன்றாவது கேள்வியில் தோற்பது. மண்ணில் விட்ட நிமிடம் புதைந்துவிடும். மாவுப்புழு உள்ளேயே கூட்டுப்புழுவாகி, சில வாரங்கள் கழித்து ஒரு வண்டு கூண்டுக்குள் சுற்றும். சூப்பர்வார்மின் தாடை வலுவானது. தோலுரிக்கும் சிலந்தியின் அருகில் மண்ணுக்குள் அது இருப்பது சுவர்க்கோழியை விட மோசம், ஏனென்றால் தேடி எடுக்க முடியாது. ஆகவே தலையை நசுக்காமல் புழுவைப் போடவே கூடாது என்பது என் கட்சி. நசுக்கிய புழு கொஞ்ச நேரம் நெளியும். அந்த அதிர்வு சிலந்திக்குப் போதும். வழுக்கும் சிறு கிண்ணத்தில் வைத்துப் பார்க்கலாம், சில சிலந்திகள் வந்து எடுக்கும், சில கிண்ணத்தையே மண்ணால் மூடிவிடும்.

தவிடு ஈரமானால் வெள்ளைத் தூள்போல் சிற்றுண்ணிகள் பெருகும். அப்படிக் கண்டால் மொத்தத் தவிடையும் மாற்றிவிடுங்கள்; அந்த டப்பாவிலிருந்து எதையும் சிலந்திக் கூண்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

குட்டிகளுக்கு

ஒரு சென்டிமீட்டர் குட்டிச் சிலந்திக்கு என்ன போடுவது என்பது புதியவர்களின் பெரிய பயம். இறக்கையற்ற பழ ஈ ஒரு வழி. இரண்டு மில்லிமீட்டர் அளவு, 25 டிகிரியில் பத்துப் பதினைந்து நாளில் ஒரு தலைமுறை. ஆனால் கூழ் தயாரித்து, பூஞ்சை வராமல் பார்த்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புதுப் பாட்டிலுக்கு மாற்றவேண்டும். ஒரே சமயத்தில் ஐம்பது குட்டி வைத்திருப்பவருக்கு அது சரி. ஒன்றிரண்டு குட்டிக்கு அந்தப் பாடு தேவையே இல்லை. குட்டிகள் செத்ததையும் தின்னும். மாவுப்புழுவைக் கத்தியால் துண்டாக வெட்டி, அல்லது சுவர்க்கோழியின் பின்னங்காலைக் கிள்ளி, பதுங்கு குழியின் வாசலில் வைத்தால் காலையில் காய்ந்த தோல்தான் கிடக்கும். மறுநாள் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும், சிற்றுண்ணி வரும். குட்டிக்கு வாரம் ஒன்றிரண்டு வேளை. பெரிதாக ஆக வேளையைக் குறைத்துக்கொண்டே போகலாம்.

உயிரோடு போடுவதாக இருந்தால் அளவு விதி எளிது: இரையின் உடல் நீளம் சிலந்தியின் வயிற்று நீளத்தைத் தாண்டக் கூடாது.

மெழுகுப்புழு, பட்டுப்புழு, ஹார்ன்வார்ம் என்ற பெரிய பச்சைப் புழு எல்லாம் எப்போதாவது கொடுக்கும் தின்பண்டம். ஹார்ன்வார்மில் 85 சதவீதம் அளவுக்குத் தண்ணீர். தோலுரித்து முடித்து வாடிய சிலந்திக்கு உதவும். ஆனால் செயற்கைத் தீவனத்தில் வளர்ந்ததாக இருக்க வேண்டும், புகையிலைச் செடியிலோ தக்காளிச் செடியிலோ பிடித்தது ஆகாது, இலையின் நச்சு புழுவின் உடம்பில் இருக்கும். தோட்டத்தில் பிடிக்கும் வெட்டுக்கிளிக்கும் கரப்பானுக்கும் இதே பதில்தான்: இலவசம், ஆனால் பூச்சிமருந்து பட்டதா, உள்ளே நூற்புழு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. மருந்தடித்த பூச்சி ஒன்று பல ஆண்டு வளர்த்த சிலந்தியைக் கொல்லப் போதும்.

சரி, எதை எடுப்பது?

ஒன்று முதல் நான்கு சிலந்தி: மாவுப்புழு டப்பா ஒன்று, பெரிய சிலந்தி இருந்தால் சூப்பர்வார்ம் கொஞ்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு பூச்சி என்றால் ஒரு சிலந்திக்கு ஆண்டுக்கு 26 பூச்சிதான். ஐந்து டூபியாப் பெண்கள் ஒரே ஈற்றில் நூற்றுக்கு மேல் குஞ்சு போட்டுவிடும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? ஒரு சிலந்திக்காகக் கரப்பான் கூட்டம் வைப்பவர், கொஞ்ச நாளில் கரப்பானுக்குத் தீனி போடுவதையே வேலையாகச் செய்துகொண்டிருப்பார். நடமாடும் இரையை மட்டும் தொடும் பிடிவாதக்காரச் சிலந்திக்கு மாதம் ஒரு முறை பத்துச் சுவர்க்கோழி வாங்கிப் போட்டால் தீர்ந்தது.

பத்துப் பதினைந்து தாண்டினால் டூபியா கூட்டம் தன் செலவைத் தானே எடுத்துவிடும். மரவாழ் இனங்கள் அதிகம் என்றால் சுவர்க்கோழியை விட முடியாது. குறைந்தது வரிச் சுவர்க்கோழியாக எடுங்கள். குட்டிகளே அதிகம் என்றால் டூபியாக் குஞ்சுகளும் வெட்டிய புழுவும் சேர்ந்து எல்லாவற்றையும் சமாளிக்கும்.

எந்தப் பூச்சியாக இருந்தாலும் சிலந்தி மறுத்தால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். குழி வாசலை மூடிக்கொள்வது, வயிறு கருத்துப் பளபளப்பது, இரையைக் கண்டு விலகுவது எல்லாம் தோலுரிக்கப் போகிறது என்பதற்கான அடையாளம். உரித்த பிறகு நச்சுப்பல் முதலில் வெள்ளையாக இருக்கும், அப்புறம் சிவக்கும், கடைசியில் கருக்கும். கருத்த பிறகே இரை. குட்டிக்கு அது சில நாள், பெரிய சிலந்திக்கு ஒன்று இரண்டு வாரம், சில பெரிய இனங்களுக்கு அதற்கும் மேல். சிலி நாட்டு ரோஜா டரான்டுலா தோலுரிக்காமலேயே மாதக்கணக்கில் பட்டினி கிடந்து ஆளைக் கலங்கடிக்கும். வயிறு சுருங்காமல் இருக்கும் வரை, தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பிவைத்துவிட்டு, புழு டப்பாவில் கேரட்டை மட்டும் மாற்றிக்கொண்டிருங்கள்.